கல்லூரிக்கு வயல் எதற்கு?



பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்த கையோடு வேளாண்மைப் படிப்புக்கான கலந்தாய்வு பற்றிய பேச்சு வீடுதோறும் தொடங்கிவிடுகிறது. கோவையா மதுரையா, வேளாண்மையா தோட்டக்கலையா, அரசுக் கல்லூரியா தனியார் கல்லூரியா, கட்-ஆஃப் எவ்வளவு, விடுதி எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறோம். வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு, வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், உயிர்த் தொழில்நுட்பம், வேளாண் வணிக மேலாண்மை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகள் இன்று பல கிளைகளாக விரிந்திருக்கின்றன. எதைத் தேர்வது என்ற கவலை நியாயமானதே. ஆனால் இத்தனை விசாரிப்பிலும் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போகிறது. அந்தக் கல்லூரிக்கு எந்த ஆராய்ச்சி நிலையம் துணை நிற்கிறது? அங்கே எந்தப் பயிரை, எந்த மண்ணில், எத்தனை ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள்? இன்றைய உரை முழுவதும் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான். ஒரு சிறப்புத்துறைக் கல்லூரியின் தரத்தை, அதன் பண்ணையிலும் நிலையங்களிலும் விட்டுப்போகாமல் நடந்துவரும் ஆராய்ச்சியே தீர்மானிக்கிறது. பாடத்திட்டமும் கட்டடமும் அதற்கு அடுத்தபடிதான் என்பது என் வாதம்.

அமெரிக்க அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். நம்முடைய வேளாண்மைப் பல்கலைக்கழகங்கள் அந்த மாதிரியைப் பார்த்து அமைக்கப்பட்டவை. 1862இல் வந்த மாரில் சட்டம், மாநிலங்களுக்கு அரசு நிலத்தை வழங்கி, அதை விற்று வரும் தொகையைக் கொண்டு வேளாண்மையும் இயந்திரக் கலையும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்க வழிசெய்தது. கல்லூரிகள் எழுந்தன, ஆசிரியர்கள் வந்தார்கள், மாணவர்களும் சேர்ந்தார்கள். கற்றுக்கொடுக்கத்தான் சரக்குப் போதவில்லை. அந்தந்த மாநிலத்து மண்ணுக்கும் மழைக்கும் எது பொருந்தும் என்று சோதித்துப் பெற்ற அறிவு கைவசம் இல்லாதபோது, பேராசிரியர் வகுப்பில் என்ன சொல்ல முடியும்? பொதுவான வேதியியலும் தாவரவியலும் சொல்லலாம். பக்கத்து விவசாயி அனுபவத்தால் அறிந்ததைவிடக் குறைவாகவே அது இருக்கும். இந்தக் குறையை உணர்ந்து, 25 ஆண்டுகள் கழித்து, 1887இல் ஹாட்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்து, கல்லூரியோடு இணைந்த பரிசோதனை நிலையங்களை அது உருவாக்கியது. 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணியையும் சேர்த்தது. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் மூன்றும் அங்கே ஒரே நாளில் பிறந்தவை அல்ல. முதலில் கல்வி மட்டும் வந்தது. அது தனித்து நிற்க முடியாதென்று தெரிந்த பிறகே மற்ற இரண்டும் வந்தன. இந்தியாவில் 1960இல் பந்த்நகரில் முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்தபோது, மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தே தொடங்கினோம். அந்தப் பாடத்தை அமெரிக்கா கால் நூற்றாண்டு கொடுத்துக் கற்றது என்பதை மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டின் கதை சற்று வேறு. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது, 1906வாக்கில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டக் கல்லூரியானது. 1971 ஜூன் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானது. இந்த வரலாற்றை ஆண்டு விழாக்களில் சொல்கிறோம். ஆனால் அதில் முக்கியமாக நான் கருதுவது, 1906க்கும் 1920க்கும் இடைப்பட்ட காலம். பட்டம் வழங்கும் தகுதி கிடைப்பதற்கு முன்பே அங்கே ஆராய்ச்சி வேரூன்றிவிட்டது. கொங்கு நாட்டு உழவர் தம் நிலத்தை வயல், தோட்டம், காடு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். கோவை வட்டாரத்தில் இந்த மூன்றும் உண்டு. செம்மண்ணும் கரிசலும் உண்டு. 1909இல் அங்கே நிலையான உரப் பரிசோதனை தொடங்கப்பட்டது. 1912இல் நெல் இனப்பெருக்க நிலையமும், அதே ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையமும் வந்தன. வகுப்பறை வளர்ந்தபோது, அதில் சொல்வதற்கான சரக்கு பக்கத்து வயலிலேயே விளைந்துகொண்டிருந்தது.

அந்த 1909ஆம் ஆண்டுப் பரிசோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிலத்தைத் திடல்களாகப் பிரித்தார்கள். ஒன்றில் எந்த உரமும் இல்லை. ஒன்றில் தழைச்சத்து மட்டும். ஒன்றில் மணிச்சத்து மட்டும். ஒன்றில் சாம்பல் சத்து மட்டும். அடுத்தவற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்து; ஒன்றில் மூன்றும்; ஒன்றில் தொழுவுரம். அவ்வளவுதான் ஏற்பாடு. இந்த அமைப்பை மாற்றாமல் ஆண்டுக்காண்டு பயிரிட்டு, அறுத்து, எடைபோட்டு, மண்ணைச் சோதித்து, எழுதிவைத்து வந்தார்கள். 1925இல் இதே போன்ற இன்னொரு பரிசோதனையும் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப் போர்கள், நாட்டு விடுதலை, பசுமைப் புரட்சி எல்லாம் அந்தத் திடல்களைக் கடந்து போயின. வெளியே இருப்பவருக்கு அது சாதாரண வயல். வேளாண் அறிவியலாளருக்கு அதற்கு ஈடான கருவி வேறு கிடையாது. ஏனெனில் மண்ணில் கரிமச்சத்து குறைவதும் கூடுவதும் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாண்டுக் காலத்தில் நம்பத்தக்க அளவில் தெரிவதில்லை. பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகள் வேண்டும். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனையை உலகம் கொண்டாடுவதன் காரணமும் இதுவே. 1970இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் நீண்டகால உரப் பரிசோதனையை நாடு முழுவதும் தொடங்கியபோது கோவையும் அதில் ஒரு மையம். அங்கே கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறிப் பயிராகின. பல மையங்களிலும் திரும்பத் திரும்பத் தெரியவந்த முடிவு இதுதான்: தழைச்சத்து மட்டும் இட்டுவந்த மண் காலப்போக்கில் சோர்ந்துபோகிறது; சமச்சீர் உரத்தோடு தொழுவுரமும் இட்ட மண் தாங்கி நிற்கிறது. யூரியா மூட்டையை மட்டும் நம்பும் பழக்கம் ஏன் தவறு என்று இன்று ஒரு வேளாண் அலுவலர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த உறுதி பல தலைமுறை ஊழியர்கள் எடைபோட்டு எழுதிய பேரேடுகளிலிருந்து வந்தது.

அடுத்து நெல். கோவையில் அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்த பார்னெல் காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது ஜி.இ.பி. 24 என்ற ரகம். சன்ன அரிசி, சமைத்தால் சுவை. 1921இல் வெளிவந்த இந்த ரகம் தனக்காகப் புகழ்பெற்றதோடு நிற்கவில்லை. ஜப்பானிய நோரின் 10 நெல்லோடு அதைச் சேர்த்துப் பிறந்த ஆடுதுறை 27, 1965இல் வெளியாகித் தஞ்சைக் குறுவையின் போக்கையே மாற்றியது. அதே ஜி.இ.பி. 24, கோ 18 நெல்லோடு சேர்ந்து திருவள்ளூர் வட்டாரத்துத் திரூர்குப்பம் நிலையத்தின் டி.கே.எம். 6 ரகத்துக்குப் பெற்றோரானது. டி.கே.எம். 6 தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணம் உடையது. அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை எடுத்துக்கொண்டது. 1969இல் வந்த ஐ.ஆர். 20க்கு அதுதான் பெற்றோரில் ஒன்று. நம் ஊர்ச் சம்பாப் பட்டங்களில் அந்தப் பெயர் தெரியாத உழவர் அன்று இல்லை. 1976இல் வந்த ஐ.ஆர். 36இன் வம்சத்திலும் டி.கே.எம். 6 இருக்கிறது, அதோடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பட்டாம்பி நிலையத்தின் பி.டி.பி. 18, பி.டி.பி. 21 ரகங்களும் இருக்கின்றன. 1980களில் ஐ.ஆர். 36 உலகில் சுமார் 1.1 கோடி எக்டேரில் பயிரானது. உலகின் மிகப் பரவலான நெல் ரகம் ஒன்றின் மூதாதையர், நம் மாகாணத்துச் சிறு நிலையங்களில் சேற்றில் நின்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கோவை நெல் நிலையத்தில் பணியாற்றிய கே. ராமையாதான் 1946இல் கட்டாக்கில் தொடங்கப்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். ரகத்தையும் ஆளையும் ஒரே மண் உருவாக்கியது.

கரும்பின் கதையில் இடத்தின் பங்கு இன்னும் வெளிப்படையானது. கரும்பைப் பெரும்பாலும் கரணை வைத்தே பயிரிடுகிறோம். புதிய ரகம் வேண்டுமானால் பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். வட இந்தியச் சூழலில் கரும்பு ஒழுங்காகப் பூத்து விதை கொடுப்பதில்லை, கோவையில் பூக்கிறது. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, பருத்த இனிப்புக் கரும்பை ஒல்லியான காட்டு நாணல் கரும்போடு சேர்த்தார்கள். 1918இல் வெளிவந்த கோ 205, பஞ்சாப் வயல்களில் நாட்டுக் கரும்பைப் பின்னுக்குத் தள்ளியது. இன்றைக்கும் நாட்டின் பல பகுதிகளிலிருக்கும் கரும்பு நிலையங்களுக்கான கலப்பு, கோவையிலுள்ள தேசியக் கலப்புத் தோட்டத்தில்தான் நடக்கிறது. கோவைக் கரும்பு நிலையம் மத்திய அரசுடையது. பல்கலைக்கழகத்தின் உறுப்பு அன்று. ஆயினும் பக்கத்து வளாகத்திலேயே இருந்து, ஒரு நூற்றாண்டாக வேளாண் மாணவர்களின் கல்வியில் பங்கெடுத்து வந்திருக்கிறது.

இவையெல்லாம் கோவையின் பெருமை, மற்ற கல்லூரிகளுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியைப் பாருங்கள். அது நிற்பது களர் நிலத்தில். சோடியம் மிகுந்து, மண் இறுகி, மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் தேங்கி, காய்ந்தால் பாளமாகும் நிலம். சாதாரணமாகக் கல்லூரிக்கு நல்ல மண்தான் தேடுவோம். இங்கே கெட்ட மண்ணே பாடமாயிற்று. மண்ணைச் சோதித்து ஜிப்சம் தேவை எவ்வளவு என்று கணக்கிடுவது, வரப்புக் கட்டி ஜிப்சத்தைத் தூவி நீரைத் தேக்கி வடிப்பது, பிறகு தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது, அதன்பின் நெல் நடுவது என்ற வரிசையைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஜிப்சம் இடாத பாத்தியில் நாற்று மஞ்சளாகி நிற்பதையும், இட்ட பாத்தியில் அது தூர் பிடிப்பதையும் ஒரே வரப்பில் நின்று பார்க்கும் மாணவருக்கு அந்தப் பாடம் மறக்காது. அங்கிருந்து வெளிவந்த திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்கள் களர் நிலத்தைத் தாங்குபவை. தமிழ்நாட்டில் களர் நிலம் வைத்திருக்கும் உழவருக்குக் கோவையின் நல்ல மண்ணில் தேர்ந்த ரகம் எவ்வளவு பயன்படும்? இதே நியாயம்தான் கரிசல் மானாவாரிக்குக் கோவில்பட்டி, வறட்சி நெல்லுக்குப் பரமக்குடி, தாமிரபரணிப் பாசனத்துக்கு அம்பாசமுத்திரம், காவிரிப் படுகைக்கு 1922 முதல் இயங்கும் ஆடுதுறை, நிலக்கடலைக்குத் திண்டிவனமும் விருத்தாசலமும் என்று நிலையங்கள் பரவியிருப்பதற்கும் அடிப்படை. பழப்பயிருக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும், மரப்பயிருக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் அமைந்ததும் மலையடிவார நிலத்தின் பொருத்தம் கருதியே.

வேளாண்மைக்கு வெளியேயும் இது உண்மை. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து 1989இல் உருவான கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நாமக்கல்லில் கல்லூரி நடத்துகிறது. சுற்றிலும் கோழிப் பண்ணைகள். முட்டைத் தொழிலில் ஒரு நோய் தலைகாட்டினால், அந்தக் கல்லூரிக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல. நீலகிரியின் சாண்டிநல்லா ஆடு ஆராய்ச்சி நிலையம், அழியும் நிலைக்கு வந்த நீலகிரிச் செம்மறி இனத்தைப் பேணிவருகிறது. மந்தை ஒருமுறை கலைந்துவிட்டால், அந்த இனத்தை எந்த நிதி ஒதுக்கீட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இனி மாணவர் பக்கம் வருவோம். இளநிலை மாணவருக்குப் பயிர் உற்பத்திச் செய்முறைப் பாடத்தில் ஒரு சிறு பாத்தி ஒதுக்கப்படுகிறது. உழவு, விதைப்பு, களை, பாசனம், பூச்சி, அறுவடை எல்லாம் அவர் பொறுப்பு. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி உழவரோடு வேலை செய்யும் பயிற்சியும் உண்டு. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் இனப்பெருக்கம் படிக்கும் முதுநிலை மாணவர் கற்க வேண்டியது இன்னும் நுட்பமானது. நெற்கதிரில் மறுநாள் பூக்கப்போகும் பூக்களைக் கண்டறிந்து, உமியின் முனையைக் கத்தரித்து, ஆறு மகரந்தத் தாள்களையும் சூல்முடி காயப்படாமல் அகற்றி, கதிரை வெண்ணெய்த்தாள் பையால் மூடி, அடுத்த நாள் முற்பகலில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தை உதிர்த்து, அட்டை கட்டித் தேதி எழுத வேண்டும். ஒரு கதிரில் சில விதைகள்தான் பிடிக்கும். அந்தச் சில விதைகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வடித்தெடுத்து, நிலையச் சோதனை, பல இடச் சோதனை, உழவர் வயலில் அனுசரணை ஆராய்ச்சி எல்லாம் தாண்டி ஒரு ரகம் வெளிவரப் பத்தாண்டு போலாகும். முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு; முனைவர் படிப்பு மூன்று, நான்கு. எந்த மாணவரும் ஒரு ரகத்தின் முழு வாழ்க்கையையும் தன் படிப்புக் காலத்தில் பார்க்க முடியாது. முன்னவர் விட்டுப்போன மூன்றாம் தலைமுறை விதையை எடுத்து ஐந்தாம் தலைமுறைக்குக் கொண்டுபோய் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். இந்தத் தொடர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பது நிலையம். ரகம் வெளிவந்த பிறகும் வேலை முடிவதில்லை: கரு விதை, வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்க வேண்டும். முதல் இரண்டு படிகளுக்கும் ரகத்தை உருவாக்கிய நிலையமே பொறுப்பு. அங்கே ஒரு பருவம் கவனம் பிசகினால், கலப்பு விதை சான்று விதைக்குரிய நீல அட்டை கட்டி ஆயிரக்கணக்கான உழவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

என் வாதத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன். மரபணுக் குறியீட்டுத் தொழில்நுட்பமும் கணினி மாதிரிகளும் வந்துவிட்ட காலத்தில் இத்தனை பண்ணைகள் எதற்கு, ஒரு நல்ல ஆய்வுக்கூடம் போதாதா என்பது முதல் மறுப்பு. வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம்போலத் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல்லை, கோவைப் பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்டது. பழைய சி.ஆர். 1009 ரகத்துக்குள் மூழ்கல் தாங்கும் மரபணுவைக் குறியீட்டின் உதவியோடு புகுத்தியது, ஆய்வுக்கூடத்தின் சாதனைதான். சந்தேகமில்லை. ஆனால் அந்த மரபணு எங்கிருந்து வந்தது? எப்.ஆர். 13ஏ என்ற ஒடிசா நெல்லிலிருந்து. வெள்ளம் சூழ்ந்த வயல்களில் எது பிழைக்கிறதென்று பார்த்துப் பார்த்து, மரபணு என்றால் என்னவென்று வேதியியல் அளவில் யாருக்கும் தெரியாத காலத்தில் தேர்ந்து வைத்த ரகம் அது. அதை யாரும் வைத்திருக்காவிட்டால், 1990களில் அந்த மரபணு இருக்கும் இடத்தைக் குறித்த அறிஞர்களுக்குத் தேடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. இன்று மரபுத்தொடரை வாசிப்பது மலிவாகிவிட்டது. அந்த வாசிப்பு வயலில் என்னவாகிறது என்று பார்ப்பதுதான் அரிதாகிவிட்டது. ஆய்வுக்கூடம் எவ்வளவு முன்னேறுகிறதோ, அவ்வளவுக்கு நம்பகமான வயலின் தேவையும் கூடுகிறது.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. அதை நான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்கிறேன். இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் பெற்றவர். 1960களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அங்கே நடப்பது மானாவாரி உழவருக்குப் பயன்படாது என்று மனம் கசந்து வெளியேறியவர். விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் மருந்தையும் மழையை நம்பிய ஏழை உழவர்மீது சுமத்திப் பார்க்கும் ஆராய்ச்சி யாருக்காக என்ற அவருடைய கேள்விக்கு, அன்று நிலையங்களிடம் சரியான பதில் இல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி நிலையங்கள் தேடிய விடைகளை நோக்கியது. நிலையம் என்ற அமைப்பையே வேண்டாம் என்று சொல்வதற்கு அது போதாது. தொழுவுரம் மண்ணைக் காக்கும் என்று இயற்கை வேளாண்மையாளர் சொல்லும்போது, அதற்கு மறுக்க முடியாத சாட்சி 1909 முதல் தொடரும் அந்தத் திடல்கள் அல்லவா? இயற்கை வேளாண்மைக்கு மாறினால் முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் எவ்வளவு இறங்கும், எப்போது நிலைபெறும், எந்தப் பூச்சி கூடும், எது குறையும் என்பதற்கு நீண்ட காலத் திடல் இல்லாமல் நேர்மையான விடை கிடைக்காது. இன்று கோவைப் பல்கலைக்கழகத்தில் நம்மாழ்வார் பெயராலேயே இயற்கை வேளாண் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த மையத்துக்கு நிரந்தரமான நிலமும், முப்பது ஆண்டுக்குக் குறையாத திட்டமும் கொடுப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. உழவர்களும் மானாவாரி ஊர்களும் கேட்கும் கேள்விகள் நிலையத்தின் ஆய்வுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அதற்கான கூட்டங்கள் பெயரளவில் நடப்பதில் பயனில்லை.

மூன்றாவது மறுப்பு: வேளாண் பட்டதாரிகளில் பலர் வங்கித் தேர்வும் குடிமைப் பணித் தேர்வும் எழுதிப் போய்விடுகிறார்கள், அவர்களுக்குக் களர் நிலமும் கதிர்க் கலப்பும் எதற்கு? பலர் போகிறார்கள் என்பது உண்மை. அது குறையென்று நான் கருதவில்லை. பயிர்க்கடன் கோரி வரும் உழவரின் பருவம் தவறிய கதையைக் கேட்டு, அது பொய்யா மெய்யா என்று பகுத்தறியக்கூடிய வங்கி அதிகாரி வேண்டும். வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பில், பால் பிடிக்கும் பருவத்தில் மூழ்கிய நெல்லுக்கும் தூர் பிடிக்கும் பருவத்தில் மூழ்கிய நெல்லுக்கும் இழப்பு ஒன்றல்ல என்று அறிந்த ஆட்சியர் வேண்டும். அந்த அறிவைக் குறிப்பேட்டிலிருந்து மனப்பாடம் செய்து பெற முடியாது.

நான்காவதாக, செலவும் நிலமதிப்பும். நகரம் பெருகப் பெருகக் கல்லூரிப் பண்ணைகள் ஊர் நடுவே வந்துவிட்டன. சாலைக்கும் கட்டடத்துக்கும் அந்த நிலத்தின்மீது கண் விழுவது இயல்பு. வேறிடத்தில் மாற்று நிலம் தருகிறோம் என்பார்கள். கட்டடத்தை இடம் மாற்றலாம். நூறாண்டுப் பரிசோதனையை மாற்ற முடியாது. வேறு மண்ணில் அது முதல் ஆண்டிலிருந்து தொடங்கும். தனியார் விதை நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்துகொள்ளட்டும் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டிய வீரிய ஒட்டு மக்காச்சோளத்திலும் காய்கறியிலும் அவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். உழவரே விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய நெல், நிலக்கடலை, உளுந்து போன்றவற்றில் அவர்களுக்கு லாபம் குறைவு, நாட்டமும் குறைவு. வெள்ளைப் பொன்னி 1986இல் வந்தது. இன்றும் அந்தப் பெயரைச் சொல்லி அரிசி வாங்குகிறோம். உழவர் வீட்டுக் குதிரிலேயே விதை எடுத்துவைக்கக்கூடிய அப்படியொரு ரகத்தை உருவாக்கும் வேலை அரசு நிலையத்தின் தலையில்தான் விழும்.

கல்லூரிகள் பெருகுவதை நான் எதிர்க்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்க வேண்டும். பெருகும் வேகத்தில் நிலையங்கள் பின்தங்குவதுதான் கவலை. ஆகவே ஆட்சியாளரிடமும் பல்கலைக்கழகத்திடமும் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, ஒரு குறிப்பிட்ட பயிரிலோ மண்ணிலோ நீண்டகாலப் பரிசோதனை ஒன்றைப் பொறுப்பேற்காத கல்லூரிக்குப் புதிய இடங்கள் அனுமதிக்கக் கூடாது. சொந்த நிலையம் இல்லாத கல்லூரியின் மாணவர்கள், ஒரு முழுப் பருவத்தை ஏதேனும் ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் விதைப்பிலிருந்து அறுவடைவரை கழிக்க வேண்டும். நீண்டகாலத் திடல்கள் உள்ள நிலத்தை வேறு பயனுக்கு மாற்றச் சட்டசபையின் ஒப்புதல் வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். நிலையங்களில் அறிவியலாளர் ஓய்வுபெறும் நாளுக்கு முன்பே அடுத்தவர் வந்து உடனிருந்து பொறுப்பேற்க வேண்டும். விதைப் பேரேடும் வயல் குறிப்பும் கைமாறாமல் போனால் பத்தாண்டு உழைப்பு ஒரே பருவத்தில் வீணாகும். பண்ணைத் தொழிலாளர்களை இந்தக் கணக்கில் மறக்கக் கூடாது. எந்தப் பாத்தியில் எந்த வம்சம் நிற்கிறதென்று பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களுக்கு நிலையான பணியும் முறையான பயிற்சியும் தேவை.

பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது நிர்வாகக் கட்டடத்தோடு திரும்பிவிடாதீர்கள். பண்ணைக்கு வழி கேட்டுப் போங்கள். இங்கே எந்தப் பயிரில் ஆராய்ச்சி நடக்கிறது, எந்த ஆண்டு தொடங்கியது, கடைசியாக வெளிவந்த ரகம் எது, மாணவர் பாத்தி எங்கே என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.